நூறு கிலோபைட்டுக்குள் ஓர் உப்புக் குவியல்

என் கோப்பில் இருக்கும் ஒரு மின்னஞ்சலின் அச்சுப் பிரதியிலிருந்து தொடங்குகிறேன். தேதி 2005 செப்டம்பர் 12, திங்கட்கிழமை. ஆங்கிலத்தில் நான்கே வரி. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: நீங்கள் அனுப்பிய படங்கள் எங்கள் தளத்தில் ஏறவில்லை. ஒவ்வொரு படமும் நூறு கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும். இந்த மாதக் கடைசிக்குள் படம் வந்து சேரும் உப்பளங்களை மட்டுமே இந்தப் பருவத்துப் பட்டியலில் சேர்ப்போம். பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. கடைசி வரியில், இது தானியங்கிப் பதில், இதற்கு மறுமொழி எழுத வேண்டாம் என்று இருந்தது.

அனுப்பியது கர்நாடகத்தில் இருந்த ஒரு மொத்த வியாபார நிறுவனம். தோல் பதனிடுகிற இடங்களுக்கும் ஐஸ் தொழிற்சாலைகளுக்கும் உப்பு வாங்கிக் கொடுப்பவர்கள். உப்பளக்காரர்கள் தங்கள் சரக்கைப் படத்தோடு அவர்களுடைய இணையதளத்தில் பதிந்துகொள்ளலாம் என்று ஓர் ஆங்கில நாளிதழின் வணிகப் பக்கத்தில் படித்திருந்தேன். படித்தவன் சும்மா இருந்திருக்கலாம். மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்திருந்த என் தங்கை வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். அந்த செப்டம்பரில் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் வேறு என்னவெல்லாமோ நினைத்துக்கொண்டோம், வாய்விட்டுச் சொல்லவில்லை.

அவருக்கு அந்த வருடம் எல்லாமே தாமதம். 2004 டிசம்பர் 26 அன்று வந்த கடல் பாத்திகளில் சேற்றை இறக்கிவிட்டுப் போனது. அதை வாரி, வரப்பு போட்டு, பாத்தியை மிதித்து இறுக்கி, முதல் உப்பு எடுக்கும்போது மற்ற வருடங்களில் பாதிப் பருவம் முடிந்திருக்கும். வழக்கமாக வாங்குகிற தரகர் அதற்குள் வேறு ஊரில் ஏற்பாடு செய்துகொண்டார். ஆகஸ்டில் மூன்று குவியல்கள், அவர் பேச்சில் அம்பாரம், விற்காமல் நின்றன. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் ஓலையாவது ஒன்றாவது, அடியிலிருந்து கரைய ஆரம்பித்துவிடும். உப்பு போகவில்லை என்றால் குத்தகையை விட்டுவிட்டுச் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் காவலுக்குப் போவதாக மாப்பிள்ளை சொல்லிவைத்திருந்தார். என்னிடம் அல்ல, ஆள் எடுப்பவரிடமே. என் தங்கை அதை என்னிடம் சொன்னபோது அழவில்லை. "சொல்லிட்டாருண்ணே" என்றாள், அவ்வளவுதான்.

ஆகவே அந்தப் படங்கள் போய்ச் சேர வேண்டியிருந்தது.

என்னிடம் டிஜிட்டல் கேமரா இருந்தது. கூனிமேட்டில் வெளிநாட்டுச் சாமான் விற்பவர் ஒருவரிடம் வாங்கியது. கடலோரத்தில் ஒரே இடத்தில் நின்று மாதாமாதம் படம் எடுத்துத் தேதி எழுதி வைப்பது என் வழக்கம். யாருக்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. இப்போது உதவும் என்று நினைத்தேன்.

முதல் சிக்கல் கம்ப்யூட்டரில் இல்லை, உப்பளத்திலேயே இருந்தது. மாப்பிள்ளை வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. குவியலைப் பனை ஓலையால் மூடிக் கற்பூரம் காட்டிவிட்டால், ஏற்றிப்போக லாரி வந்து எதிரே நிற்கும்வரை ஓலையை விலக்கக் கூடாது. அவர் அப்பா காலத்திலிருந்து அப்படி. பக்கத்து உப்பளக்காரர்கள் இவ்வளவு கறார் இல்லை. சிலர் நீலத் தார்ப்பாய்க்கே மாறிவிட்டிருந்தார்கள், சிலர் இன்னும் மூடவே இல்லை. இவரிடம் காரணம் கேட்டால் ஒருநாள் "காத்து பூந்துடும்" என்பார், மறுநாள் "கண்ணு பட்டுடும்" என்பார். ஆகஸ்டில் இரண்டு நாள் தூறல் விழுந்ததில் மூன்று குவியலையும் அப்போதே மூடிவிட்டார்.

"ஓலைய கொஞ்சம் வெலக்குங்க மாப்ள. உப்பு தெரியணும்" என்றேன்.

"லாரி எங்க?"

"லாரி வர்றதுக்குத்தானே படமே எடுக்கறோம்."

"வரட்டும், தொறக்கறேன்."

"லாரியே வந்துட்டா அப்பறம் படம் எதுக்கு?"

"அத்தத்தான் மச்சான் நானும் கேக்கறேன்."

மூடிய குவியல்களையே எடுத்தேன். அதுவும் நான் நினைத்த மாதிரி அல்ல. படம் என்றால் எல்லாம் வர வேண்டும் என்று அவர் பிடிவாதம். மூன்று குவியல், பாத்திகள், பின்னால் கழுவெளி ஏரி, வரப்பில் வரிசையாக நிற்கும் ஆட்கள், பக்கத்துக்காரரிடம் கேட்டு வாங்கி நிறுத்திய டிராக்டர். "அவங்க பாக்கட்டும், இது சும்மா ஆளு இல்லன்னு தெரியட்டும்." கல்யாண வீட்டுக் குரூப் போட்டோ மாதிரி ஆகிவிட்டது. அந்தப் படங்கள்தான் செப்டம்பர் 12 பதிலைக் கொண்டுவந்தவை.

மரக்காணம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. முன்பு வெறும் எஸ்.டி.டி. பூத்தாக இருந்தது. அதை நடத்திய அம்மாள் இரண்டு கம்ப்யூட்டர்களை உள்ளே நுழைத்துப் பலகையை மட்டும் மாற்றியிருந்தார். தொலைபேசி இணைப்பு பழையபடி ஒன்றுதான். இணையம் ஓடினால் போன் பேச முடியாது, போன் பேசினால் இணையம் கிடையாது. ஒரு படம் முக்கால்வாசி ஏறியிருக்கும், வாசலில் யாராவது வந்து நிற்பார்கள். "சார், செய்யூருக்கு ஒரு கால் பேசிக்கட்டும், நெட்ட கட் பண்றேன்" என்பார். என் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். செய்யூர்க்காரர் தன் சம்பந்தியிடம் வெண்டைக்காய் விளைச்சலைப் பற்றி நிதானமாகப் பேசி முடித்த பிறகு நான் முதலிலிருந்து தொடங்குவேன்.

படத்தைச் சுருக்க வேண்டும் என்று சொன்னதும் அந்த அம்மாள் மிக உறுதியாக ஒரு வழி சொன்னார்.

"எழுவத்திரெண்டு போடுங்க சார். நெட்டுக்குன்னா எழுவத்திரெண்டு. பாண்டில கிளாஸ் போனப்ப சொல்லிக் குடுத்தாங்க."

படம் திருத்தும் மென்பொருளில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் முந்நூறு என்று இருந்ததை எழுபத்திரண்டு ஆக்கினேன். சேவ் செய்தேன். கோப்பின் அளவு ஒரு துளி குறையவில்லை.

"சரியா போடல நீங்க" என்றார்.

மறுபடி போட்டேன். குறையவில்லை. அவரே வந்து உட்கார்ந்து போட்டார். குறையவில்லை. "உங்க கேமராதான் சார் கோளாறு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டர் இதழ்களைப் புரட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்த எழுபத்திரண்டு, காகிதத்தில் அச்சடிக்கும் இயந்திரத்துக்குச் சொல்லும் குறிப்பு மட்டுமே. படத்தில் அகலவாக்கில் இரண்டாயிரம் புள்ளி இருந்தால் அது இரண்டாயிரமாகவேதான் இருக்கும். வீட்டுக் கதவில் எழுதியிருக்கும் எண்ணை மாற்றினால் வீடு சிறிதாகிவிடாது. குறைக்க வேண்டியது புள்ளிகளின் எண்ணிக்கையை. இணையப் பக்கத்துக்கு அறுநூற்று நாற்பது அகலம் தாராளம். இந்த ஒரு வரியைத் தெரிந்துகொள்வதற்குள் ஒரு வாரம் போய்விட்டது. அந்த எழுபத்திரண்டை யார் முதலில் கிளப்பிவிட்டார்கள் என்று கண்டுபிடிக்கவும் முயன்றேன். என் இதழ்களில் இரண்டு அதே தவறைச் சொல்லின, ஒன்று மறுத்தது. மறுத்த இதழை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அகலத்தை அறுநூற்று நாற்பது ஆக்கியதும் படம் சடசடவென்று இறங்கியது. இறங்கி, நூற்றுத் தொண்ணூறில் உட்கார்ந்துகொண்டது. காரணம் ஓலை. இந்த ஜேபெக் வகைக் கோப்பு எதையும் சும்மா சுமப்பதில்லை. வெறும் வானம் என்றால் இரண்டு வார்த்தையில் சொல்லிவிடும். ஒவ்வொரு பனை ஓலையின் ஒவ்வொரு கீறலையும் சொல்ல வேண்டும் என்றால் பக்கம் பக்கமாக எழுதும். மாப்பிள்ளையின் மூன்று குவியலும் ஓலை. பாத்திகளின் அலை, ஆட்களின் கட்டம் போட்ட லுங்கிகள், டிராக்டரின் சக்கரப் பல் என்று ஒரு மூலையைக்கூட அவர் சும்மா விட்டிருக்கவில்லை.

மிச்சம் இருந்தது தரத்தைக் குறைக்கும் அளவுகோல் ஒன்றுதான். சேவ் செய்யும்போது பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை நகர்த்தலாம். நகர்த்திக்கொண்டே போனேன். மூன்றில் தொண்ணூற்றாறு கிலோபைட் வந்தது. படத்தில் ஓலைகள் ஒட்டிக்கொண்டு பழுப்புக் கட்டிகளாகிவிட்டன, ஆட்களுக்கு முகம் இல்லை. அப்படியே ஏற்றினேன். நடுவில் இரண்டு பேர் போன் பேசினார்கள்.

இந்த முறை தானியங்கி அல்ல, ஒரு மனிதரே பதில் எழுதியிருந்தார். ஒரே வரி: எங்களுக்கு உப்பின் படம் வேண்டும், குடிசைகளின் படம் வேண்டாம்.

அதைக் கொண்டுபோய் மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டினேன்.

"குடிசையா? யார் ஊட்டு குடிசை?"

"நம்ம அம்பாரத்தத்தான் சொல்றாங்க."

"உப்பு வியாபாரம் பண்றவனுக்கு ஓல மூடுன அம்பாரம் தெரியாதா? அவன் இன்னா உப்பு போட்டுத்தான் திங்கறானா?"

"அந்தப் பக்கம் தார்ப்பாய் போடுவாங்களோ என்னவோ. நீங்க ஒரு ஓலைய, ஒரே ஒரு ஓலைய..."

"மச்சான், அந்தப் பேச்ச உடுங்க."

சற்று நேரம் கழித்து அவரே ஒரு யோசனை சொன்னார். பக்கத்து உப்பளக்காரரின் குவியல் இன்னும் திறந்து கிடக்கிறது, அதைப் படம் எடுத்து அனுப்பிவிடலாம், எல்லாம் ஒரே தண்ணீர், ஒரே உப்பு. நான் முடியாது என்றேன். நான் எடுக்கும் படத்துக்குக் கீழே இடமும் தேதியும் எழுதுவேன், இது இன்னாருடைய குவியல் என்று பொய்யாக எழுத மாட்டேன் என்றேன்.

"தேதிய யாரு கேட்டா இப்ப?" என்றார். "பத்து வருசமா அலைய படம் புடிச்சி தேதி போடறீங்க. அல இன்னா கையெழுத்தா போட்டுச்சி?"

கோபத்தில் சொன்னது. ஆனாலும் வரப்பில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் நானே போய்ப் பாத்தியில் படிந்திருந்த கடைசி உப்பைப் படம் எடுத்தேன். வெயில் உச்சியில் இருந்தது. உப்பு வெயிலை அப்படியே திருப்பி அடித்ததில் படம் வெள்ளையாக வந்தது. வெள்ளை என்றால் வெறும் வெள்ளை, எழுதாத தாள் மாதிரி. அதைச் சுருக்கினால் முப்பது கிலோபைட்கூட வரவில்லை. அவர்கள் கேட்ட அளவுக்குள் எந்தத் தகராறும் இல்லாமல் அடங்கிய ஒரே படத்தில் ஒன்றுமே இல்லை. பிரவுசிங் சென்டர் அம்மாள் எட்டிப் பார்த்தார். "இது நல்லா வந்திருக்குது சார், சீக்கிரம் ஏறிடும்" என்றார்.

அன்று மதியம் தங்கை வீட்டில் சாப்பாடு. நானும் மாப்பிள்ளையும் சோற்றைப் பிசைந்துகொண்டே அதே சண்டையைத் தொடர்ந்தோம். ஓலையை விலக்காமல் உப்பைக் காட்ட வழியில்லை என்று நான். லாரி இல்லாமல் விலக்க முடியாது என்று அவர். மாதம் முடிய சில நாட்களே இருந்தன. ரசத்தில் உப்பு போதவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். தங்கை அடுப்பங்கரையிலிருந்து ஜாடியை எடுத்துவந்து, வழக்கத்தைவிடச் சற்று ஓசையோடு எங்கள் நடுவில் வைத்தாள்.

"இது எந்த அம்பாரத்து உப்பு?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளை ஜாடியைப் பார்த்தார். "நடு அம்பாரம்."

"எப்ப எடுத்தது?"

"மூடறதுக்கு முன்னாடி."

"அப்ப இத்த படம் புடிக்கறதுக்கு லாரி வரணுமா?"

எனக்கு வந்த எரிச்சல் சாதாரணமானது அல்ல. "முன்னாடியே சொல்றதுக்கு என்னம்மா?" என்று கேட்டேன்.

"டிராக்டர் எல்லாம் நிறுத்திப் படம் புடிச்சீங்க. உங்களுக்கு உப்பு வேணும்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

சாப்பிட்ட கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, மாப்பிள்ளை உள்ளங்கையை நீட்டினார். ஜாடியிலிருந்து ஒரு பிடி எடுத்து அதில் கொட்டினோம். வாசலில் வீட்டு நிழல் விழும் இடத்தில் கறுப்புக் குடையை விரித்துக் கையை அதன் முன்னால் வைக்கச் சொன்னேன். ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக, மூலை மழுங்காமல் தெரிந்தது.

"கை வர வேணாம் மச்சான். வெடிச்சி கெடக்குது."

"கை இல்லன்னா உப்பு அந்தரத்துலயா நிக்கும்? ஆட்டாதீங்க."

கறுப்புக் குடை என் பங்கு. அதற்கான காரணத்தைக் கம்ப்யூட்டர் இதழில் படித்திருந்தேன். ஒன்றும் இல்லாத இடத்துக்கு அந்தக் கோப்பு எதுவும் செலவழிப்பதில்லை. படத்தைச் சுற்றிலும் கறுப்பாக விட்டால், மிச்சமாவதெல்லாம் நடுவில் இருக்கும் உப்புக்குக் கிடைக்கும். முதல் நாளிலிருந்து ஊரையே உள்ளே நுழைத்துவிட்டுப் பிறகு நசுக்கிக்கொண்டிருந்தோம். உள்ளே விடாமலே இருந்திருக்கலாம்.

சென்டரில் திறந்து பார்த்தபோது வலது மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி அச்சாகியிருந்தது. 2003 ஜனவரி 1. பேட்டரியைக் கழற்றி மாட்டியதில் கேமராவின் நாட்காட்டி முதலுக்குப் போய்விட்டிருந்தது. இத்தனை வருடம் தேதியோடு மல்லுக்கட்டிய என் படத்தில், என் கேமராவே பொய்த் தேதி போட்டிருந்தது. மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அந்த மூலையை வெட்டினேன். நான்கு பக்கமும் இன்னும் கொஞ்சம் வெட்டினேன். அறுநூற்று நாற்பது அகலம், தரம் ஏழு, எண்பத்து நான்கு கிலோபைட். திரையில் உப்பு உப்பாகவே இருந்தது. மாப்பிள்ளை நாற்காலியில் முன்னால் சாய்ந்து பார்த்தார். "இதான் என்னுது" என்றார்.

ஏற்றத் தொடங்கியதும் வாசலில் ஒருவர் வந்து நின்றார். நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு எழுந்து போய், "போன் ரிப்பேர்ண்ணா, சாயங்காலமா வாங்க" என்று சொல்லிக் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். படம் ஏறியது. பெற்றுக்கொண்டோம் என்று திரையில் வந்தது. செப்டம்பர் 29, வியாழக்கிழமை.

அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. நான் நாள்தோறும் போய் அஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கழுவெளிப் பக்கம் மதியத்துக்கு மேல் வானம் கறுத்துக் கறுத்துக் கலைந்தது. தங்கை ஒரு பெட்டியில் அவருடைய சட்டைகளை மடித்து வைத்திருந்தாள். நான் பார்த்ததும் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

அக்டோபர் இரண்டாம் வாரத்தில் ஒரு லாரி வந்தது. பின்னாலேயே இன்னொன்று. தமிழ்நாட்டுப் பதிவெண். மாப்பிள்ளை முன்னால் இருந்த லாரியைக் குவியலுக்கு நேராக நிறுத்தச் சொல்லிக் கற்பூரம் கொளுத்தினார், பிறகுதான் முதல் ஓலையில் கை வைத்தார். நான் அவசரமாக ஓட்டுநரிடம் போனேன். யார் அனுப்பினார்கள், எங்கே பார்த்தார்கள், படம் எதையாவது பார்த்தார்களா?

"படமா? எனக்கு அதெல்லாம் தெரியாது சார். ஆபீஸ்ல சொன்னாங்க, மரக்காணம் போ, குடிசை மாதிரி ஓலை போட்ட அம்பாரம் மூணு நிக்கும், அதுதான்னாங்க. தேடவே வேணாம், ரோட்லருந்தே தெரிஞ்சிது."

மாப்பிள்ளை அதைக் கேட்டுவிட்டார். குவியலின் உச்சியில் நின்றபடியே, "கேட்டுக்கினீங்களா மச்சான்? குடிசை!" என்று கத்தினார். அன்று முழுக்க அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்றுவரை உப்பை விற்றுக்கொடுத்தது ஓலை என்றுதான் ஊரில் சொல்கிறார்.

இரண்டு குவியல் முழுதாகப் போயிற்று; பணம் ரொக்கமாக வந்தது, சீட்டில் நிறுவனத்தின் பெயர் இல்லை. மூன்றாவதை ஏற்றி முடிக்கும்போது மழை பிடித்தது, அடியில் கொஞ்சம் கரைந்தது. மாப்பிள்ளை சென்னைக்குப் போகவில்லை. 2006 தொடக்கத்தில் குத்தகையைப் புதுப்பித்தார்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் நான் அந்த இணையதளத்தைத் திறந்து பட்டியலைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் உப்பளம் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் படம் வர வேண்டிய இடத்தில் ஒரு வெற்றுக் கட்டமும் அதன் மூலையில் சிறிய சிவப்புப் பெருக்கல் குறியும் இருந்தன. விளக்கம் கேட்டு எழுதினேன். உடனே பதில் வந்தது. ஒவ்வொரு படமும் நூறு கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும். இது தானியங்கிப் பதில், இதற்கு மறுமொழி எழுத வேண்டாம்.

அதையும் அச்செடுத்துக் கோப்பில் வைத்திருக்கிறேன். லாரியை அனுப்பிய அலுவலகம் அந்தக் கர்நாடக நிறுவனத்தைச் சேர்ந்ததுதானா, குடிசைப் படத்தைப் பார்த்து அனுப்பினார்களா, அல்லது கிழக்குக் கடற்கரைச் சாலையில் போன யாரோ நேரில் பார்த்துச் சொன்னார்களா என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. உள்ளங்கையில் உப்பு இருக்கும் அந்த எண்பத்து நான்கு கிலோபைட் படத்தை அந்தப் பக்கத்தில் ஒரு மனிதராவது திறந்து பார்த்தாரா என்பதும் இதுவரை உறுதி செய்யப்படவில்லை.